மழைத்தண்ணி மாதிரித்தான்

சுவா,
27 ஏப்ரல்.

அன்பு மகள் ரஜனிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த வெலிங்டன் குளிரில் காய்ச்சல் தடிமன் ஒன்றும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமி விளக்கு ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுத வந்து கையை எடுத்துவிட்டேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வாரம் இரண்டு தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் நிறுத்திவிடுவேன். கடிதத்தில் நீ அழுதாலும் அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். லோபாக்கில் உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக நடந்ததாம், நாங்கள் போகவில்லை. அப்பாவுக்கு இழுப்பு திரும்பிவிட்டது. நீ அனுப்பின மெஷின் பழுதாகவில்லை. அவர்தான் பிளக்கைப் பிடுங்கி, அதை ஸ்டோர் அறையில் தள்ளி வைத்துவிட்டார். ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ போன வருடம் வாங்கி அனுப்பின அந்த ஈரம் உறிஞ்சும் மெஷின் நல்ல மெஷின். செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கட்டின வீடு, சுவரெல்லாம் கருப்புப் பூஞ்சணம், அலமாரித் துணியெல்லாம் நாறும், உனக்குத் தெரியாததா. அது வந்த ஒரு மாதத்தில் அப்பா தலையணை அடுக்காமல் படுத்துத் தூங்கினார். ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணீர் சேரும். இந்தத் தண்ணீரை வீணாகக் கொட்டாதீர்கள், ஆனால் கண்டபடி பாவிக்கவும் வேண்டாம் என்று நீ ஒரு தாள் முழுக்கத் தமிழில் தட்டி அனுப்பினாய். டாய்லட்டுக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம், கார் கழுவலாம், பூச்செடிக்கு விடலாம், கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் வேண்டாம். குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, காய்ச்சினாலும் கூடாது, உள்ளே இருக்கும் உலோகச் சுருளில் பட்டு வருகிறது, தொட்டியில் பூஞ்சணமும் கிருமியும் வளரும். நாய் பூனைக்குக்கூட வைக்கக் கூடாது. வாளியில் தேக்கி வைத்தால் ஏடிஸ் கொசு வரும், அன்றன்று தீர்த்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். அந்தத் தாளை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன். எனக்கு அது மனப்பாடம். நீ அதை அனுப்பாமல் இருந்திருக்கலாம் ரஜனி. அனுப்பாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியாது என்று இன்றைக்கு நான் சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாறு மாதம் நீ சொன்னபடிதான் செய்தேன். பிறகு முழங்கால் வலியில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. லுக்குட்டிலிருந்து வந்த குழாய்க்காரர் மெஷினுக்கு ஒரு நீளக் குழாயை மாட்டி, பின்சுவரில் ஓட்டை போட்டு, தண்ணீர் நேராக லோங்காங் சாக்கடையில் விழும்படி செய்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் தொட்டியையும் கழுவவில்லை, குழாயையும் கழுவவில்லை. குழாய் வாயில் கருப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. சாக்கடைக்குப் போகிற தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன்.

முத்தாயியை நீ மறந்திருக்க மாட்டாய். நம் வீட்டில் பதினோரு வருடம் வேலை செய்தவள், நீ பள்ளிக்கூடம் போகும்போது சடை பின்னிவிட்டவள். அப்பா பெரிய கிராணியாக ஆபீஸ் கணக்குப் பார்த்த அதே தோட்டத்தின் கடைசி லயத்தில், அந்த வரிசை வீட்டில், நம் பின்சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். புருஷன் மணியம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து நாற்காலியோடு சரி. பிள்ளை இல்லை. நான் அவளோடு மூன்று வருடமாகப் பேசவில்லை. காரணத்தை உனக்குச் சொன்னதில்லை. கோயில் திருவிழாச் சாப்பாட்டுப் பந்தியில் பத்துப் பெண்கள் நடுவில் நின்று அவள் சிரித்துக்கொண்டே, கிராணியம்மா வீட்டுல எனக்குன்னு தனி டம்ளரு இருக்கும், பாத்ரூம் சன்னல்ல கவுத்து வச்சிருக்கும், அத எடுத்துக்கிட்டு வந்து நின்னாத்தான் டீ ஊத்துவாங்க என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அவள் பொய் சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மறந்திருப்பேன். உண்மையைச் சொன்னாள், அதனால் மறக்க முடியவில்லை.

இந்த மார்ச் வெயிலில் தோட்டத்துத் தண்ணீர் பம்பு நின்றுபோனது. தோட்டத்தை வாங்கின புதுக் கம்பெனிக்கு அந்த லயத்தில் மிச்சமிருக்கிற மூன்று குடும்பம் போனால் போதும், பம்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாரம் இரண்டு தடவை லாரியில் தண்ணீர் வந்தது, அதுவும் மேட்டில் நிற்கும், துருவும் மண்ணுமாக வரும், அறுபது வயதுக்காரி எத்தனை வாளி சுமப்பாள். மூன்றாம் நாள் காலையில் நம் பின்கேட்டில் வந்து நின்றாள். கிராணியம்மா, ஒரு வாளி பைப்புத் தண்ணி குடுங்கம்மா, அவருக்குத் தொடைக்கக்கூட இல்லலா என்றாள். நம் வீட்டில் தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, அந்த நேரம் சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். இங்கேயும் நூல் மாதிரித்தான் வருகுது, எங்களுக்கே காணாது என்றேன். அவள் சுவரைக் காட்டி, அந்தக் குழாயில ஒழுகுதேம்மா, சும்மாதான போவுது, அதப் புடிச்சிக்கட்டுமா என்றாள். பிடி என்றேன். நாலு அடி போனவள் திரும்பி வந்து, குடிக்கலாமாம்மா என்று கேட்டாள். நான் பின்கேட்டைச் சாத்திக்கொண்டே, மழைத்தண்ணி மாதிரித்தான் என்றேன்.

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை என்று எழுதினால் நீ நம்புவாய். யோசித்துத்தான் சொன்னேன். ஆம் என்றால் பொய், இல்லை என்றால் நம் குழாயைத் திறந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடைத்தது. இதில் என்ன வந்துவிடப் போகிறது, ஒரு நாள் வயிற்றைக் கலக்கும், கிராணி வீட்டைப் பற்றி வாயைத் திறந்ததற்கு அதுவும் வேண்டும்தான் என்று நினைத்தேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் கஷ்டப்படட்டும் என்று நினைத்தேன். பத்தொன்பது நாள் பிடித்தாள். சாயங்காலம் குழாய்க்குக் கீழே வாளியை வைத்துவிட்டுப் போவாள், காலையில் வந்து ஒரு துணியால் மூடி எடுத்துக்கொண்டு போவாள். நான் சமையலறைச் சன்னலில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே பார்ப்பேன். ஒரு தடவை வாளிக்குள் ஏதோ கிடந்ததை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுத் தூக்கினாள். அதையும் பார்த்தேன். பத்தாவது நாளோ என்னவோ அப்பா பின்பக்கம் போனவர் அவளைக் கண்டுவிட்டு உள்ளே வந்து, அது குடிக்கக் கூடாத தண்ணியெண்டு அவளுக்குச் சொன்னனியோ என்று கேட்டார். ஓம், சொன்னனான் என்றேன். அவர் என்னை நம்பி நாற்பத்தைந்து வருடம் ஆகிறது, அன்றைக்கும் நம்பிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மணியத்துக்கு மார்ச் கடைசியில் வயிற்றோட்டம் தொடங்கியது. முதல் இரண்டு நாள் முத்தாயி கஷாயம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் காய்ச்சலில் கண் செருகவும், லயத்தில் இருக்கிற புனிதன் தன் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான்கு நாள் கிடந்தார். ஐந்தாம் நாள் மத்தியானம் போய்விட்டார். குடலில் கிருமி, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, நாள்பட்ட நோயாளி தாங்கவில்லை என்றாராம் டாக்டர். எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அவள் காய்ச்சித்தானே கொடுத்திருப்பாள், பெரிய தீங்கு வந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவுக்கு அப்பா போனார், நான் முழங்காலைச் சாக்காகச் சொல்லிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் முன்வாசல் வழியாக வந்தாள். அவள் முன்வாசலால் வந்தது அதுதான் முதல் தடவை. வாழைப்பழமும் வெற்றிலையும் ஒரு தட்டில் கொண்டுவந்திருந்தாள். அப்பாவும் ஹாலில் இருந்தார். உட்காரச் சொன்னேன், தரையில் உட்கார்ந்தாள், நாற்காலியைக் காட்டினேன், பரவால்லம்மா என்றாள். ஒரு வாய்வார்த்தையாக, மணியம் கடைசியில் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவருக்குச் சும்மாத் தண்ணி முழுங்க முடியாதுல்லம்மா, பொரையேறிடும், ஆஸ்பத்திரில ஒரு மாவு குடுத்திருந்தாங்க, பச்சத் தண்ணில கலக்குனா கூழு மாதிரி ஆவும், அத ஸ்பூன்ல குடுக்கணும். லாரித் தண்ணி கலங்கலா இருந்துச்சின்னு அவருக்கு மட்டும் ஒங்க வீட்டுத் தண்ணியிலதான் கலக்குவேன், நான் லாரித் தண்ணியக் காச்சிக் குடிச்சிக்கிட்டேன். பளிங்காட்டம் இருந்துச்சும்மா அந்தத் தண்ணி. டாக்டரு கேட்டாரு, என்னா தண்ணி குடுத்தீங்கன்னு. கிராணியம்மா வீட்டுத் தண்ணின்னு சொன்னேன், அப்பறம் அவரு ஒண்ணும் கேக்கல. அந்தப் பத்தொம்போது நாளும் நீங்க தண்ணி குடுக்கலன்னா அவரு அப்பவே போயிருப்பாரு. பழசையெல்லாம் மனசுல வச்சிக்காம குடுத்தீங்க, நான்தான் கோயில்ல வாய வச்சிக்கிட்டுச் சும்மா இல்லாம பேசிட்டேன், மன்னிச்சிக்குங்கம்மா. இவ்வளவும் சொல்லிவிட்டு என் காலைத் தொட்டாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை ரஜனி. தொடட்டும் என்று நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன் என்றும் எழுதலாம், ஆனால் பொய் எழுதுவதில்லை என்று சொன்னேனே.

அவள் போன பிறகு அப்பா கேட்டார், குடிக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லவே இல்லை என்று நான் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார், சுவரில் இருந்த குழாயை இழுத்து அறுத்தார், அந்தத் தாளையும் கிழித்தார். பிறகு, நீ போய்ச் சொல்லு, இல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன் என்றார். நான் அசையவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு பின்சந்தைத் தாண்டி லயத்துக்கு நடந்தார், நான் சன்னலில் நின்று பார்த்தேன். அரை மணி நேரத்தில் திரும்பினார். பெரிய கிராணியையா என் வீட்டுக்கு வந்திருக்காரே என்று அவள் பதறி, மணியம் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காப்பி கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை விசிறிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாளாம். அவரால் சொல்ல முடியவில்லை. வந்து உட்கார்ந்தவர் இதை மட்டும் என்னிடம் சொன்னார். அதோடு சரி, இன்றைக்கு ஏழு நாளாக என்னோடு பேச்சு இல்லை. நான் வைக்கிற சோற்றைச் சாப்பிடுகிறார், நான் கொடுக்கிற தண்ணீரை மட்டும் வாங்குவதில்லை, தானே எழுந்து போய்ப் பிடித்துக் குடிக்கிறார்.

போய்ச் சொல் என்றுதான் நீயும் சொல்வாய். சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும். அவளுக்கு என்ன இறங்கும் என்று யோசி. வேளைக்கு வேளை தன் கையால் கலக்கி, தன் கையால் ஊட்டினவள் அவள். இப்போது புருஷனை நோய் கொண்டுபோனது என்று நினைத்து அழுகிறாள். நான் வாயைத் திறந்தால் இனி தன் கையைப் பார்த்துப் பார்த்து அழுவாள். அதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று முதல் இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு தெரிந்தது, அதற்காக இல்லை. எனக்குப் பயம். சந்தையில் என்னைப் பார்த்து நாலு பேர் ஒதுங்குவதை நினைத்தால் பயம். இந்த அறுபத்தொன்பது வயதில் என்னைப் பற்றி எனக்கே தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முப்பதாம் நாள் கழிந்ததும் முத்தாயி சிரம்பானில் தங்கை மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறாள். போகும் முன் உன்னோடு பேச வேண்டும் என்கிறாள். அந்த மெஷின வாங்கிக் குடுத்த புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லணும்மா, அது கொழந்தையில இருந்தே நல்ல மனசு என்று சொல்லி உன் நம்பரைக் கேட்டு நின்றாள். கொடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நாளை கூரியரில் போடுகிறேன், அவள் கூப்பிடுவதற்கு முன் உன் கையில் கிடைத்துவிடும். உன்மேல் இதைச் சுமத்துகிறேன் என்று தெரிகிறது. தெரியாமல் சுமத்தவில்லை. சுமக்க எனக்கு வேறு ஆளும் இல்லை.

உன் வீட்டிலும் அதே மாதிரி மெஷின் ஓடுகிறது என்றாயே, தொட்டியைக் கழுவ மறக்காதே, குழந்தை கை எட்டும் இடத்தில் அந்தத் தண்ணீரை வைக்காதே. மாப்பிள்ளைக்கு இந்தக் கடிதத்தைக் காட்டாதே. அப்பாவிடம் போனில் இதைப் பற்றிக் கேட்காதே, மருந்து ஒழுங்காக எடுக்கச் சொல்லி மட்டும் சொல், நீ சொன்னால் கேட்பார். நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் உண்மையாக, குறைவில்லாமல் வாழ வேண்டும் என்று பெற்ற வயிற்றோடு வாழ்த்துகிறேன். முத்தாயி கூப்பிட்டால் எடு. அவள் நன்றி சொல்வாள், உன்னையும் குழந்தையையும் வாழ்த்துவாள், நடுவில் பேசாமல் கேட்டுக்கொள், சரி அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வை. எடுக்காமல் மட்டும் விட்டுவிடாதே. நீ எடுக்காவிட்டால் அவள் திரும்பவும் என்னிடம்தான் வந்து நிற்பாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
தங்கேஸ்வரி தம்பிராஜா.