சைத்தூன் மரத்தைப் பெயர்த்துவிட்டேன், மச்சான்

என் உயிரான மச்சானுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நம் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களும் பயந்துவிடுவார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டு மதில் கடல் அரித்து அப்படியே சரிந்து கடலுக்குள் விழுந்தது. நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காலடி மண் அதிர்ந்தது. நம் வேலியோரத் தென்னைகள் மூன்றும் மாரி மழையிலேயே கடலோடு போய்விட்டன. கடலுக்கும் நம் குசினிக்கும் நடுவில் மிஞ்சி நின்றது உங்கள் சைத்தூன் மரம் மட்டும்தான்.

ஜோர்தானில் ஒலிவ் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வரும்போது, அந்த ஒலிவை ஒரு சாண் கன்றாக ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். இந்த வெக்கையில் காய்க்காது என்று நம் ஒலுவில் ஊரே சிரித்தது. “காய்க்காட்டி என்ன புள்ள? உப்புக் காத்தத் தாங்கும். அதுக்குப் பின்னால நீ எதையும் நடலாம்” என்றீர்கள். ஒரு காய்கூட நான் காணவில்லை. ஆனால் அதன் மறைப்பில்தான் என் கத்தரியும் கறிவேப்பிலையும் கருகாமல் நின்றன.

மறுநாளே அக்கரைப்பற்றிலிருந்து என் தம்பி பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினோடு வந்துவிட்டான்.

“ராத்தா, கொப்பெல்லாம் வெட்டணும்.”

“வெட்டாத தம்பி. அவர் வெச்ச மரம்.”

“வெட்டாட்டி வேர் தாங்காது. கடல் கொண்டு போறதா, நான் கொண்டு போறதா? நீங்களே சொல்லுங்க.”

வெட்டச் சொன்னேன். மரத்தைச் சுற்றி ஆழக் கிடங்கு வெட்டி, வேர்மண்ணைச் சாக்கால் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். அதற்குள் கிடங்கில் உப்புத் தண்ணீர் ஊறிவிட்டது. தண்ணீர் தேங்கினால் அழுகும் என்பீர்களே, அதனால் தம்பி வீட்டு வளவில் மேடு கட்டித்தான் நட்டோம்.

மிஞ்சிய இலையும் உதிர்ந்தது. கொன்றுவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை. நேற்றுப் போய், பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை, மச்சான்! அங்கேயே இருந்து அழுதேன்.

தம்பியின் லேண்ட்மாஸ்டரில் திரும்பி வரும் வழியில் மையவாடியைக் கண்டேன். கடல் பக்க மதிலில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு.

“தம்பி, இதுக்குள்ள கடல் வந்தா?”

“பள்ளிவாசல்ல கதைச்சிருக்காங்க, ராத்தா.”

“என்ன கதைச்சாங்க?”

அவன் பாதையைப் பார்த்தபடியே ஓட்டினான். நீங்கள் அந்த மதிலிலிருந்து மூன்றாவது வரிசையில் மண்ணுக்குள் கிடக்கிறீர்கள். மரத்தைத் தூக்க நாலு பேர் போதும். உங்களைத் தூக்க யாரிடம் கேட்பேன்? எந்த வாயால் கேட்பேன்?

ஆனாலும் கேட்பேன். அந்த மதில் விழும்வரை காத்திருக்க மாட்டேன். இந்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் படியில் போய் நிற்பேன். பொம்பிளைக்கு இங்கே என்ன வேலை என்று யார் கேட்டாலும், பதில் கிடைக்காமல் வீடு திரும்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பயந்துகொண்டே,
உங்கள் பிள்ளைகளின் உம்மா