கேட்காமல் எழுதிய மரம்

காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் ஜன்னல் வழியாகப் பச்சை மரம் அறுபடும் வாசனை வந்தது. நீங்கள் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று ஒரு கணம் எழுந்துவிட்டேன்.

அடையாற்றில் எங்கள் வீட்டு வாசலோரம் நிற்கும் அதே தூங்குமூஞ்சி மரம்தான். மின்கம்பியைத் தொடும் கிளைகளைக் கழிப்பது மின்வாரியத்தில் உங்கள் வேலை. சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை வந்தீர்கள். கம்பிப் பக்கத்துக் கிளைகளையெல்லாம் எடுத்துவிட்டு, மறுபக்கத்தைத் தொடாமல் போனீர்கள். மரம் பாதி மழித்த தலைபோல் நின்றது. நான் படம் எடுத்து, மரத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி எழுதினேன். அப்போதே இருபது வருட நிருபர் நான். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான்காம் நாள் என் வாசலில் நின்றீர்கள்.

"இன்னா சார், கீழ நின்னு ஒரு குரல் குடுக்கக் கூடாதா? ரம்பத்தை நிறுத்தியிருப்பேனே. இப்போ ஆபீஸ்ல, இந்தத் தொல்லையே வேணாம், வேரோட எடுத்துடுன்னுட்டாங்க."

மரத்தைக் காப்பாற்றியதாக அதுவரை நினைத்திருந்தேன்.

"ஏன் ஒரு பக்கம் மட்டும் வெட்டினீங்க?" அப்போதுதான் கேட்டேன்.

"மேல மொட்டை அடிச்சா பாக்க சமமா இருக்கும். ஆனா கொத்துகொத்தா மொளைச்சு, ஆறு மாசத்துல திரும்ப ஒயரைத் தொடும். அதுக்குப் புடிப்பும் கெடையாது, காத்துல ஒடியும். கிளை பொறந்த எடத்துலயே எடுத்தா காயம் மூடிக்கும், மரம் வேற பக்கம் போவும். மரத்துக்கு அவசரம் இல்ல சார். உனக்குத்தான்."

இருவரும் உங்கள் அதிகாரியிடம் போனோம். நான் எழுதியது தவறு, மறுநாளே திருத்தம் வரும் என்றேன். நீங்கள் ஒரே ஒரு மழைக்காலம் அவகாசம் கேட்டீர்கள்.

"கிளை விழுந்து லைன் அறுந்தா?" என்றார் அவர்.

"மரத்தோட என்னையும் எடுத்துருங்க."

அந்த மழைக்காலத்துப் புயல் ஓய்ந்த காலையில் சைக்கிளில் வந்து, அண்ணாந்து பார்த்தபடி கேட்டீர்கள்.

"நிக்குதா?"

"நிக்குது."

"தூங்கினியா சார்?"

"இல்லை."

"நானும்தான்."

இன்று கீழே இறங்கிப் போனேன். சுடிதார்மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், பிடுங்கிய ஃபியூஸ் சட்டைப் பையில் இருக்கிறதா என்று பார்த்துப் பொத்தானை மாட்டிக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார். உங்கள் வழக்கம் அது. ஃபியூஸ் உங்கள் பையில் இருக்கும்வரை தெரியாமல்கூட யாரும் லைனுக்குக் கரண்ட் கொடுக்க முடியாது என்பீர்கள். நீங்கள் அன்று வெட்டிய இடங்களில் பட்டை வளர்ந்து வாய் மூடியிருக்கிறது. தொடாமல் விட்ட பக்கம் தெருவைத் தாண்டி, எதிர்ச்சாரி இஸ்திரி வண்டி வரை நிழல் போட்டிருக்கிறது.

அந்தப் பெண்ணின் ரம்பம் ஒரு தடித்த கிளையில் இறங்கியது. மரத்தைக் கொல்கிறார் என்றே தோன்றியது. அன்றும் இப்படித்தான் தோன்றியது. சட்டைப் பையில் பேனா இருந்தது. அதைத் தொடாமல், கீழே நின்று குரல் கொடுத்தேன்.

"எதுக்கும்மா அந்தக் கிளை?"

ரம்பம் நின்றது.