தங்கம் சிவப்பாகவும் இருக்கும், அக்கா

என் அன்பு அக்காவுக்கு,

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நான் நாலு வரி மெசேஜ் அனுப்பினாலே, "வாய்ஸ்ல சொல்லுடி, கண்ணு வலிக்குது" என்பாய். ஆனால் பேச எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமும் நான் பேசவில்லை. தேநீர் மட்டும் கலக்கிக் கொடுத்தேன்.

உன் கருமாதி முடிந்துவிட்டது. கூலிம் ஃபேக்டரியில் உன்னோடு ஷிஃப்ட் பார்த்தவர்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் இன்னும் அழுகை வரவில்லை?

ஆய்வுக்கூடத்துக்கு நீ ஒரே ஒரு முறை வந்தாய். மேசையில் இருந்த சிவப்புக் குப்பியைப் பார்த்து, "ரோஸ் சிராப் தண்ணி கலக்கவா யுனிவர்சிட்டிக்கு வந்த?" என்று கேட்டாய்.

"அது தங்கம்க்கா."

"தங்கம் மஞ்சளா இருக்கும்லா. யாரோ உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க."

கண்ணுக்கே தெரியாத அளவு சின்னத் துகளாக இருந்தால் தங்கம் சிவப்பாகத் தெரியும் என்றேன். வெயில் பட்டதும் துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றாக ஆடும். அந்த ஆட்டத்தின் சக்தி, மேலே ஒட்டியிருக்கும் வேறு பொருளை உடைக்கும். தங்கம் மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும் என்றேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை.

"அப்ப வேலை செய்யறது வெயிலு. தங்கம் எங்க லைன் லீடர் மாதிரி, சும்மா நின்னு ஆடும்," என்றாய். என்னோடு ஆய்வு செய்யும் அய்னாவிடம் அதையே மலாயில் சொல்லிச் சிரித்தாய்.

போன வாரம் அய்னா ஒரு படம் அனுப்பினாள். தங்கத் துகள் பூசிய பொடியை நீலச் சாயத் தண்ணீரில் போட்டு, விளக்கு எதுவும் இல்லாமல் மொட்டை மாடி வெயிலில் வைத்திருக்கிறாள். சாயம் உடைந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. என் ஆய்வு முழுக்க இதற்காகத்தான். மகிழ்ச்சி வருமா என்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் காட்டினேன்.

"வெறும் தண்ணிதானே," என்றார்.

பேராசிரியர் என் இடத்தை மாதக் கடைசிவரை வைத்திருப்பாராம். அதற்குள் போகாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். நம் எஸ்டேட்டிலிருந்து வெளியே போக ஒரே ரோடுதான். உன் மோட்டார் சைக்கிளை லாரி இடித்த ரோடு. அம்மா என் பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "நீ வாங்கின பட்டம் போதும். ஒருத்திய அந்த ரோட்டுக்குக் குடுத்தாச்சு," என்கிறார். அப்பா ஒருமுறை பேசிப் பார்த்தார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்கு அம்மாவிடம் வாதாட வராது. எனக்காகப் பேசுவது எப்போதும் நீதானே?

மோட்டாரில் போகமாட்டேன் அக்கா. பஸ்ஸில்தான் போவேன். இறங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்வேன். தினமும் செய்வேன். இது சத்தியம்.

இன்னொன்று. விஞ்ஞானம் படித்துவிட்டு இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் அம்மா, "இன்னிக்கும் கனவுல வரல அவ" என்று சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவப் போகிறார். என் கனவுக்கு நீ வர வேண்டாம், நான் பொறுத்துக்கொள்வேன். அம்மாவின் கனவுக்கு ஒரே ஒரு தடவை போ. "அவளைப் போக விடுங்கம்மா" என்று மட்டும் சொல்லு.

எப்போதும் உன் பின்னால் நிற்கும்
உன் தங்கச்சி