ஒரே துண்டாக ஒரு மெகாபைட்

மார்ச் 3, திங்கள்

மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழுந்தது, வைஃபை எழவில்லை. வைஃபை சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரலை ஏற்றுவதற்கு, சில்லை இயக்க எங்கள் குழு எழுதிய டிரைவர் மென்பொருள் ஒரு மெகாபைட் நினைவகத்தை ஒரே துண்டாகக் கேட்கிறது. பல நாள் ஓடிய இயந்திரத்தில் காலியிடம் ஏராளம். ஆனால் சிதறிக் கிடக்கிறது. அரங்கில் இருநூறு இருக்கை காலியாக இருந்தும், பத்துப் பேரும் சேர்ந்தாற்போல்தான் உட்காருவோம் என்று அடம்பிடிக்கும் குடும்பம். சில்லோ நான்கு நான்கு கிலோபைட்டாகத்தான் விழுங்குகிறது.

குழுத் தலைவரிடம் சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். திரையைப் பார்க்காமலே கேட்டார்: "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுதுல்ல சார்? அப்புறம் என்ன?"

இனி இந்தக் குறிப்பேட்டில் அவர் பெயர் ரீஸ்டார்ட் மன்னர்.

மார்ச் 5

திருத்தம் தயார். நாற்பது வரி நிரல், நினைவகத்தைச் சிறு சிறு துண்டாகக் கேட்டு வாங்கும். மன்னருக்குச் சான்று வேண்டுமாம். என் ஒரு கணினியில்தான் இப்படி ஆகிறதாம். நல்லது. இதை மறுதொடக்கம் செய்யமாட்டேன். திருத்தத்தையும் இதில் ஏற்றமாட்டேன். பிழை உயிரோடு இருக்கட்டும். ஒவ்வொரு தோல்வியையும் பதிந்து அவர் மேசையில் வைப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலை பத்துக்கு, இதே மடிக்கணினியில் மகளின் காணொளி அழைப்பு. அவள் அம்மா போன பிறகு, இந்தச் சமையலறையில் இன்னொரு குரல் கேட்பது வாரத்தில் அந்த ஒரு வேளைதான். இணைப்பு இல்லை. மறுதொடக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும் — செய்யவில்லை.

வைஃபை எழவில்லை என்று கைப்பேசியில் தெரிவித்தேன். அவள் எழுதினாள்: "ரீஸ்டார்ட் பண்ணுங்கப்பா. ஊரே அதத்தானே பண்ணுது."

அவளுமா?

சான்று அழிந்துவிடும் என்று பதில் எழுதினேன். "சரிப்பா" என்று மட்டும் வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

அழைத்தாளா, தெரியாது. இணைப்பில்லை.

மார்ச் 20

பதினேழு தோல்விகள், நாள் நேரத்தோடு. மன்னர் கடைசிவரை படித்தார். "சரி சார், உங்க திருத்தத்த சேத்துடுங்க. இதுக்கா இத்தன நாள் கோவமா இருந்தீங்க?"

கோபமா? நான் குரலைக்கூட உயர்த்தவில்லையே.

மார்ச் 23, ஞாயிறு

மறுதொடக்கமின்றி, திருத்திய டிரைவரை மட்டும் ஏற்றினேன். ஒன்பது முறை மூடித் திறந்தேன். ஒன்பது முறையும் வைஃபை எழுந்தது.

மணி பத்து. பத்தரை. இணைப்பு உறுதியாக இருக்கிறது. இனிப் பழிபோட இயந்திரமும் இல்லை.

எப்போதும் அவள்தான் அழைப்பாள். இத்தனை ஆண்டுகளில் நானாக ஒருமுறையும்...

அழைத்தேன்.

"அப்பா? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா. லைன் சரியாயிடுச்சு. அதான்."

அதற்குமேல் பேச எதுவும் தயாராக இல்லை. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். திரையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.