தவத்துக்கு: நான் குடிக்காமல் விட்ட தேத்தண்ணி பற்றி

என் அன்புத் தவம்,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமையாகிறது. நான் காங்கேசன்துறையில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கழுத்தில் சிலுவையோடு வேதக்காரப் பெட்டை ஒருத்தி ஓரமாக நிற்பதைக் கண்டு உன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இருத்திச் சோறு போட்டார். "தவம் உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைக்கும்" என்றார். நாங்கள் கோபத்தில் இருந்ததை நீ வீட்டில் சொல்லவில்லையா?

இந்தக் கடிதத்தை நம் சுவர்ப்பத்திரிகையில் ஒட்டப் போகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். நாங்கள் செய்த பிழையை நாங்களே எழுதாவிட்டால் மற்றவர்களுடைய பிழையை எழுத என்ன தகுதி இருக்கிறது?

நம் பல்கலைக்கழக வளாகத்து மதில் இப்போது நெஞ்சளவுக்கு எழும்பிவிட்டது. பின்பக்கத்து ஒழுங்கை மட்டும்தான் இன்னும் மறிக்காமல் கிடக்கிறது. திங்கட்கிழமை மேசன் வருவார். அவர் வந்து கட்டினால், பின்னால் இருக்கும் பனையேறிக் கள்ளுச் சீவல் தொழில் செய்யும் சனம் பஸ் எடுக்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் தோட்டவெளியைச் சுற்றித்தான் நடக்கவேண்டும். மதிலில் ஒரு வாசல் விடுங்கள் என்றுதான் நாங்கள் கேட்டோம். "அந்தச் சனம் வந்து சொல்லட்டும், கேட்கிறோம்" என்று நிர்வாகம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட நான் துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டு வந்தேன். நீ அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தாய். "எடி செல்வா, நோட்டீசைப் பாத்து ஆரடி வருவினம்? கலியாணத்துக்குச் சொல்லுறமாதிரி வீடு வீடாப் போய்ச் சொல்லவேணும்." அப்படித்தான் இரண்டு பெட்டைகளும் போனோம். பங்குனி வெயில். சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த ஒழுங்கை மணலில் நடந்தோம்.

முதல் வீட்டில் மாணிக்கம் அக்கா தேத்தண்ணியும் ஒரு தட்டில் பனங்கட்டியும் கொண்டுவந்தார். நீ பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தாய். நான், "வேண்டாம் அக்கா, இப்பத்தான் குடிச்சிட்டு வாறன்" என்றேன். யாழ்ப்பாணத்தில் இதைவிட மரியாதையாக ஒரு வசனம் இருக்கிறதா? அடுத்த வீட்டிலும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வீட்டிலும். ஐந்தாவது வீட்டில் ஒரு பேணித் தேத்தண்ணிதான் வந்தது, அதுவும் உனக்கு. எனக்கு முன்னாலேயே என் வசனம் அங்கே போய்விட்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. நீ கவனித்தாய்.

கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. அடுக்கிய கதிரைகள் அடுக்கியபடியே கிடந்தன. நிர்வாகத்திலிருந்து வந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பாத்தீங்களோ பிள்ளையள், அவையளுக்கே தேவையில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

கதிரைகளைத் திருப்பி வைத்துவிட்டு வரும்போதுதான் நீ கேட்டாய்.

"உனக்கு அண்டைக்கு உண்மையிலை தண்ணி விடாய்க்கேல்லையோடி?"

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்தது? "நான் வேதக்காரி. எங்களுக்கு உந்தச் சாதியள் ஒண்டும் இல்லை. உனக்கு என்னைத் தெரியாதோ?" என்று கத்தினேன். நீ குரலை உயர்த்தவில்லை. "தெரியும். அதுதான் கேக்கிறன்" என்றாய். நான் சைக்கிளில் ஏறித் திரும்பிப் பாராமல் மானிப்பாய்க்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு கிழமை உன்னோடு கதைக்கவில்லை. நீயாக வந்து மன்னிப்புக் கேட்பாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். என்ன தலைக்கனம் பார். உனக்கு நெருப்புக்காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தபோது நீ ஒருவரையும் அடையாளம் காணும் நிலையில் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. விரிவுரையில் இருந்தால் எழும்பவேண்டும் போலிருக்கிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வேலிக் கதியால் தடியில் ஒரு தகரப்பேணி தனியாகத் தொங்கும். அது யாருக்கென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை, தவம்? கேட்கத் தேவையில்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வேதக் கோயிலில் பின் வாங்கில் யார் இருப்பார்கள் என்பதும் அப்படித்தான் தெரியும். அந்த வீடுகளில் சொன்னது, நான் பொய் சொல்லுகிறேன் என்று நினைத்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகவே சொன்னது.

உன் பெயரைச் சொல்லித்தான் இன்னொரு கூட்டத்துக்கு அனுமதி வாங்கினோம். வாற சனிக்கிழமை. புதன்கிழமை நான் தனியாகவே ஒழுங்கைக்குள் போனேன். மாணிக்கம் அக்கா படலையைத் திறந்தார், இருங்கோ என்று சொல்லவில்லை.

"இண்டைக்கும் குடிச்சிட்டுத்தான் வந்தனீங்களோ?"

"இல்லை அக்கா. தண்ணி விடாய்க்குது. ஏதும் தாறீங்களோ?"

அவர் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. பிறகு தேத்தண்ணியோடு வந்து, நான் குடித்து முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். நாக்குச் சுட்டுவிட்டது, ஆனாலும் பேணியைக் கீழே வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்கள் குடிச்சதுக்காக நாங்கள் வருவமெண்டு நினைக்காதையுங்கோ, பிள்ளை" என்றார். "ஒழுங்கை எங்கடை. வாறதெண்டால் அதுக்காகத்தான் வருவம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் குடித்தவுடன் எல்லாம் சரிவந்துவிடும் என்றுதானே உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு போனேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

"மற்றப் பிள்ளை எங்கை?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அப்படியே மணலில் குந்திவிட்டார். "அது இன்னொரு துண்டு பனங்கட்டி கேட்டு வாங்கித் திண்டது" என்றார். இரண்டு பேரும் அழுதோம். கூட்டத்துக்கு வருவதாகவும் அவர் சொல்லவில்லை, வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கதிரைகளை நானே அடுக்குவேன். சனம் வந்தாலும், போனமுறைபோல் நாங்கள் மட்டும் இருந்தாலும், மதிலைப் பற்றி யாரும் வாய் திறக்கமுன் நான் எழும்பி, நீ என்னிடம் கேட்ட கேள்வியைச் சொல்லுவேன். அதற்குப் பதிலையும் எல்லாருக்கும் முன்னால் சொல்லுவேன். உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும், பிந்திப்போனேன்.

ஓம், தவம். அண்டைக்கு எனக்குத் தண்ணி விடாய்ச்சது.

உன் அம்மாவின் கையால் சோறு வாங்கித் தின்ற
உன் சகோதரி,
செல்வராணி