இரண்டாவது நாற்றுமுடி

அம்மா,

விடைத்தாள் கட்டைப் பிரிக்க முடிச்சுக்குள் நகத்தை நுழைத்தேன். சேற்று வாசம் வந்தது. நேற்று நம் வயலில் ஒட்டிய சேறு. சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணிலிருந்து போகவில்லை. தஞ்சாவூரில், கல்லூரி ஆசிரியர் அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். சணல் அவிழ்ந்ததும் என் உதடு அசைந்தது. பக்கத்து மேசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

ஒரு பெயர் சொன்னேன். அது உன் வழக்கம். என் வாய்க்கு எப்படி வந்தது என்று உனக்கு எழுத வேண்டும்.

நடவில் ஒவ்வொரு நாற்றுமுடியையும் பிரிக்கும்போது நீ ஒரு பெயர் சொல்வாய். கை கொள்ளும் அளவு நாற்று, வைக்கோலால் கட்டியது. வைக்கோல் அவிழும். பெயர் வரும். அந்த முடி தீரும்வரை இடுப்பு வலி, அட்டைக்கடி, முதுகில் விழும் வெயில் எல்லாம் அந்த ஆளுக்காக ஒப்புக்கொடுத்தது. உரக்கச் சொல்ல மாட்டாய். பக்கத்தில் நடுகிறவளுக்குக் கேட்கும், அவ்வளவுதான்.

"கோயில்ல முழங்கால் போட எனக்கு எங்க நேரம்? வயல்ல குனிஞ்சே கெடக்கிறேன். ஆண்டவர் இதையே எடுத்துக்கட்டும்" என்பாய். அடுப்படியிலும் வயலிலும் இருந்துகொண்டே புனிதராகலாம் என்று மாதா கோயில் சாமியார் ஒரு ஞாயிறு பிரசங்கம் வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாய்: "சரியாத்தான் சொல்றாரு. ஆனா அவரு கால அட்டை கடிச்சதில்ல."

உன் நடவுக் குழுவில் நீ ஒருத்திதான் வேதக்காரி. மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். பிறகு அவர்களே பெயரும் கொடுப்பார்கள்.

"யக்கா, என் மருமவ பேருக்கு ஒரு முடி போடேன். வாய் அடங்கட்டும்" என்பாள் மல்லிகா.

"அதுக்கு ஒரு முடி பத்தாதுடி. ஒரு மா நெலம் நடணும்."

"அம்புட்டுக்கும் கூலி யாரு குடுக்கிறது?"

"உன் மருமவதான்."

பிறகு பிரிட்டோ போனான்.

என் தம்பி. மன்னார்குடியிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். பொழுது சாய்ந்திருந்தது. சாலையிலேயே நின்ற டிராக்டர். வைக்கோல் ஏற்றிய டிரெய்லர். பின்விளக்கு இல்லை. போய் மோதிவிட்டான். ஓட்டியவர் நம் தெருக்காரர், நம் கோயில் பங்குக்காரர். சின்ன வயதில் எங்கள் இருவரையும் மட்கார்டில் உட்காரவைத்து வாய்க்கால்வரை கூட்டிப்போவார். டிராக்டர் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயரை எழுத இன்னும் கை வரவில்லை. டிராக்டர் மாமா என்றே எழுதுகிறேன்.

அடுத்து வந்த நடவில் நீ முதல் முடியைப் பிரித்தாய். "பிரிட்டோ." இரண்டாவதைப் பிரித்தாய். அவர் பெயர்.

மல்லிகா நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரே குரல், அம்மா. மகனுக்கு ஒரு குரல், அவருக்கு ஒரு குரல் என்று இல்லை. வரப்பில் தூக்குவாளியோடு நின்ற எனக்கு உன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், நீ திரும்பினாய். பின்வரிசையில் அவர். அவரைப் பார்த்துக் கைகுவித்தாய். அவர் தலை நிமிரவில்லை. நான் எழுந்து வெளியே போனேன். அதன்பிறகு பூசைக்கு வந்ததில்லை. ஏன் என்று நீ கேட்டதும் இல்லை.

நான்தான் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாய்.

"எப்படிம்மா அந்தப் பேரு உன் வாயில வருது?"

"பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் சொல்றேன். வெளிய தெரியல, அவ்வளவுதான்."

"மனசு இல்லாம சொன்னா அதுக்குப் பேரு செபமா?"

"மனசு வரட்டும்னு காத்திருந்தா நாத்து முத்திப்போயிடும்டி. கை நடட்டும், வாய் சொல்லட்டும். மனசு பின்னால வரும்."

"வந்துச்சா?"

களைந்த தண்ணீரை மாட்டுத்தொட்டியில் ஊற்றப் போனாய்.

இதற்கெல்லாம் பல்கலைக்கழகத்தில் நிறையப் பெயர்கள் படித்தேன். துக்கத்தைக் கடக்கும் உத்தி. அடங்கிப்போகப் பழக்கப்பட்ட மனம். ஒவ்வொன்றாக உன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் உன் அளவுக்குத் தைத்ததாக இல்லை.

இந்தத் தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முன்பு, நீயும் போனாய். மருத்துவமனையில், பேச்சு குழறிய பிறகும், உன் விரல்கள் போர்வைமேல் நாற்றுப் பிரித்துக்கொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும். ஓர் அழுத்து. உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். "பிரிட்டோ." அடுத்ததற்குக் காத்திருந்தேன். விரல்கள் பிரித்தன. உதடு அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

அந்தக் காற்று என்னை விடவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன் வருகிறதே, அதில் கேட்கிறது. வகுப்பில் நான் பேச்சை நிறுத்தும் இடைவெளியில் கேட்கிறது. சொன்னாயா? சொல்ல முடியாமல் போனதா? போதும் என்று கடைசியில் விட்டுவிட்டாயா?

குறுவைச் சாகுபடிக்கு ஆற்றில் தண்ணீர் வந்தது. நீ இல்லாமல் ஆள் சேரவில்லை. மல்லிகாவுக்கு முட்டி போய்விட்டது. அப்பா மெஷின் நடவுக்குச் சொல்லியிருந்தார். நேற்று காலை மெஷினை ஓட்டி வந்தவர் டிராக்டர் மாமா.

"வேற ஆள் இல்லையாப்பா?"

"மெஷின்காரன் அனுப்புன ஆளு. டிராக்டர வித்துட்டுக் கூலிக்கு ஓட்டுறாராம்."

"அனுப்பிடுங்க."

"நம்ம கோவம் ஆறுற வரைக்கும் தண்ணி நிக்குமா?" அப்பா பிளாஸ்கைத் திறந்து அவருக்கும் டீ ஊற்றினார்.

நீ வயலுக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை, அப்பாவின் பழைய நீலச் சட்டை, இன்னும் கொல்லைக் கதவு ஆணியில் தொங்குகிறது. அதை மாட்டிக்கொண்டு வரப்பில் ஏறினேன். தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நீலச் சட்டையைக் கண்டதுபோல நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கிளம்பியது.

மெஷின் நாற்றுக்கு முடி கிடையாது, அம்மா. பாயாக வளர்த்துச் சுருட்டிக் கொண்டுவருகிறார்கள். எந்த இடத்தில் பெயர் சொல்வாய் நீ? மூன்று மா நிலமும் மத்தியானத்துக்குள் பச்சையாகிவிட்டது. மெஷின் திரும்ப முடியாத மூலை மட்டும் வெறும் சேறாக நின்றது. அதைக் கையால்தான் நட வேண்டும். அப்பாவுக்கு இடுப்பு வளையாது. நான் இறங்கினேன். டிராக்டர் மாமா மிச்சமிருந்த நாற்றுப்பாயோடு வரப்பில் வந்து நின்றார்.

"பிச்சுக் குடுக்கவா பாப்பா?"

தலையசைத்தேன். முதல் துண்டு வந்தது. வாய்க்குள்ளேயே பிரிட்டோ என்றேன். நட்டேன். கை நீட்டினேன். இரண்டாவது துண்டை அவர் தரவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

"அக்கா வருசா வருசம் எனக்கும் ஒண்ணு போடுவாங்க. மல்லிகாதான் சொல்லுச்சு. நடவன்னைக்கு அந்த மதகுகிட்ட வந்து நிப்பேன். அங்க ஒண்ணும் கேக்காது. ஆனா எப்பன்னு தெரியும். ரெண்டாவது."

அவர் துண்டை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"கடைசில சொன்னாங்களா பாப்பா? ஆஸ்பத்திரில?"

ஆமாம் என்றிருக்கலாம். அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். அந்த இல்லையைச் சொல்ல வருடக்கணக்காகக் காத்திருந்தவள் நான். இரண்டும் வாய்வரை வந்தன.

"ஒதடு அசைஞ்சுச்சு மாமா. எனக்குக் கேக்கல."

மாமா என்று கூப்பிட்டது பிறகுதான் உறைத்தது.

அவர் தலையாட்டினார். அவர் கையில் இருந்த துண்டின் வேர் வெயிலில் சுருங்கிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டேன். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வளர்த்தவள் நீ. உன் செபத்தில் மட்டும் எல்லோரும் வெறும் பெயர்.

"லூர்துசாமி."

மதகுவரை கேட்கிற மாதிரிச் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றார்.

நான் மன்னிக்கவில்லை, அம்மா. நாற்று வாடிக்கொண்டிருந்தது. குனிந்து நட்டேன். பல்லைக் கடித்திருந்தேன். வெளியே தெரிந்திருக்காது.

அவர் அடுத்த துண்டைப் பிய்த்தார்.

"இது யாருக்கு?"

உன் பெயரைச் சொன்னேன்.

மூலை முடிந்தது. அவர் மெஷினைக் கழுவிக்கொண்டு போனார். நான் உன் சட்டையை அலசி அதே ஆணியில் மாட்டினேன். ஈரம் சொட்டியது. கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.

இன்று இந்தக் கட்டு பிரிந்தபோது என் வாயில் வந்தது பிரிட்டோ அல்ல. அவர் பெயர்தான். நான் வரவழைக்கவில்லை. வந்தது.

பின்னால் வரும் என்று நீ சொன்ன மனசு இன்னும் வரவில்லை. உனக்கு வந்ததா என்று இனி கேட்க ஆளில்லை. நடவில் யாரும் முன்னால் போவதில்லை, பின்னால்தான் நகர்கிறோம். நட்டதெல்லாம் கண்ணெதிரே நிற்கிறது. பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க முடியாது. குதிகால்தான் சேற்றுக்குள் தடவித் தடவிப் போகிறது.