வெயில் கேட்டு எழுதிய விண்ணப்பம்

இன்று காலை கடையில் கரண்ட் போனது. உடனே யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. அதன் வாயை அடைக்கும் வித்தை உனக்கு மட்டும்தான் தெரியும். "நாளைக்கு வந்து பாக்குறேன் மாப்ள" என்றாய். அது போன ஐப்பசியில். அந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். ஆகவே அது கத்துகிறது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எதிரே சீர்காழிப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பள்ளிக்கூடத்துக்குச் சோலார் மானியம் வாங்கிக் குடுக்குறது நீங்கதானே சார்?"

"குடுக்கறது அரசாங்கம். நான் டைப் அடிக்கிறவன்."

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். இப்படித்தான் வருகிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக் கொடுத்தோம் என்கிற குற்றத்துக்கு எனக்கு ஆயுள் தண்டனை. உடன் குற்றவாளியான நீ தப்பிவிட்டாய்.

அது பகலில் கரண்ட் இருந்தால் அதிசயமாகப் பார்த்த காலம். உன் ஊர்ப் பள்ளியின் ஹெச்.எம். டீச்சர் என் கடைக்கு வந்தார். குவைத்திலிருந்த உங்கள் ஊர்க்காரர்கள் வசூல் செய்து அனுப்பிய கம்ப்யூட்டர்கள் பழைய சேலை போர்த்திக்கொண்டு தூங்கின. வசதி உள்ளவர்களின் பிள்ளைகள் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விட்டார்கள்.

"இந்த வருஷமும் பிள்ளைங்க குறைஞ்சா பக்கத்து ஊர் ஸ்கூலோட சேத்துட்டு இதைப் பூட்டிடுவாங்க சார். பையனுங்க சைக்கிள்ல போயிடுவானுங்க. பொம்பளப் பிள்ளைங்கள அவ்வளவு தூரம் யாரு அனுப்புவா? வீட்லயே நிறுத்திடுவாங்க."

பள்ளிகளில் சூரிய மின்தகடு வைக்க அரசு நிதி இருந்தது. விண்ணப்பத்தை இணையத்தில் மட்டுமே போட வேண்டும். அதாவது கரண்ட் இல்லாத பள்ளி தனக்குக் கரண்ட் வேண்டும் என்பதைக் கரண்ட் மூலமாகத்தான் தெரிவிக்க வேண்டும். நீ உன் ரிப்பேர் கடை ஜெனரேட்டரைப் பள்ளிக்கே தூக்கிக்கொண்டு வந்தாய். அது போட்ட சத்தத்தில் நீ அளவுகளைக் கத்த, நான் தட்டினேன். குவைத்தில் மாடி மாடியாக ஏறி ஏ.சி. மாட்டியவன் நீ. கூரை அளவு உனக்குக் கைவந்த கலை. 'மேல்தளம் வேறு பயன்பாட்டில் உள்ளதா?' என்று ஒரு கேள்வி வந்தது. நீ ஏறிப் பார்த்தபோது அங்கே ஒரு காக்கை மட்டும் இருந்தது. 'இல்லை' என்று போட்டோம். அது குறுவை பொய்த்த வருஷத்துப் புரட்டாசி மாதம். அப்போது அது உண்மை.

நிதி ஒதுக்கி, பொறியாளர் இடம் பார்க்க வந்தது தை கடைசியில். மாடிப்படி ஏறியவர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். சுவருக்குச் சுவர் நெல். மாரியாயி அக்கா வரிசை வரிசையாகக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"நெல்லு."

"நெல்லுன்னு தெரியுது. இங்க ஏன் காயுது?"

"பின்ன தண்ணியிலயா காயும்?"

ஊரின் பொதுக்களம் எப்போதோ மனைப் பிரிவாகிவிட்டது. கல் நட்டு, கலர் கொடி கட்டி, சென்னையில் இருப்பவர்கள் வாங்கிப்போட்டிருந்தார்கள். சாலையில் காயவைக்கலாம் என்றால் அதை அகலப்படுத்தி லாரி விட்டாயிற்று. அறுவடை மெஷின் ஈரத்தோடு கொட்டிவிட்டுப் போகும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஊரில் தட்டையாக, பெரிதாக, யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது பள்ளிக்கூட மாடி ஒன்றுதான்.

"மார்ச்சுக்குள்ள காலி பண்ணிக் குடுங்க. எப்பவும் காலியா இருக்கும்னு ஊர்ல எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா ஃபண்டு திரும்பிப் போயிடும்" என்றார் பொறியாளர்.

நெல்லின் ஓரத்திலேயே பஞ்சாயத்து கூடியது. தகடுகளை உயரமான கால்களில் நிறுத்தி அடியில் நெல் காயவைக்கலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். மாரியாயி அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நெழல்ல எங்க ஊருல ஆளுங்கதான் தம்பி படுப்பாங்க. நெல்லு காயாது."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"சாமி சூரியன எல்லாருக்கும் பொதுவா வச்சிருக்கு. அதைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எழுதி வாங்கிட்டீங்களே, நாங்க எங்க போறது? என் பேத்தியும் இங்கதான் படிக்குது. அவ படிக்கணும்னா சாப்புடவும் வேணுமில்ல?"

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் நடுவில் இருப்பவன் மூச்சு விட முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அப்போதுதான் நீ, ஏதோ டீ சொல்லி அனுப்புவதுபோல, "எங்க வீட்டு மாடில காயப்போடுங்கக்கா" என்றாய்.

அந்த மாடி உனக்கு என்னவென்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். குவைத்தில் அடுக்குக் கட்டிலில், மேலே ஒருவன் குறட்டைக்கும் கீழே ஒருவன் இருமலுக்கும் நடுவே, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் கிடந்தவன் நீ. அங்கிருந்தே வீட்டைக் கட்டினாய். மாடியில் அறை எடுக்கச் சொன்ன கொத்தனாரிடம் சண்டை போட்டுத் திறந்தவெளியாக விட்டாய். அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு மேலே போய்விடுவாய். "மேல வானம், கீழ நான். நடுவுல ஒரு பய இல்ல மாப்ள" என்பாய். என்னைக்கூட அழைத்ததில்லை.

மார்ச்சுக்கு முன்பே தகடுகள் ஏறின. கம்ப்யூட்டர்கள் சேலையைக் கழற்றின. பள்ளியைப் பூட்டவில்லை. மாரியாயி அக்காவின் பேத்தி கடைசி வகுப்பு வரை அங்கேயே படித்தாள். இப்போது ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். மற்ற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் முதலில் தேடிப் படித்தது சிங்கப்பூர் விசா விதிகளை. அதற்கு நாம் பொறுப்பில்லை.

உன் வீட்டில் குறுவைக்கு, சம்பாவுக்கு, அப்புறம் உளுந்துக்கு என்று ஆட்கள் ஏறினார்கள். படியெல்லாம் பதர், தண்ணீர்க் குடத்தில் தூசி. உன் நாற்காலி கார் ஷெட்டுக்கு இறங்கியது. "அங்க பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டான். இங்க வானத்த நானே குடுத்துட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னாய். பிறகு ஃபேன் ரிப்பேரைப் பற்றிப் பேசினாய்.

உன் மனைவி, எனக்குத் தங்கச்சி, சென்னையில் மகளோடு போய் இருக்க ஆசைப்படுகிறார். விலைக்குக் கேட்டு வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். மாடியில் நெல்லைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"இனிமே இங்க நெல்லு வேண்டாம்னு ஊர்ல சொல்லிட வேண்டியதுதானேம்மா" என்றேன்.

"அவரு குடுத்த வாக்கு அண்ணே. அவரு இருந்தா சண்டை போட்டு மாத்தியிருப்பேன். இப்ப யார்கிட்ட சண்டை போடுறது?"

அதனால் ஊருக்கு அரசு உலர்களம் கேட்டு எழுதினேன். உன் பாணியில் சுருக்கமாக, அளவுகளோடு. போன வாரம் பதில் வந்தது. 'கள ஆய்வில், மேற்படி ஊரில் பொதுமக்கள் நெல் உலர்த்தும் வசதி ஏற்கெனவே உள்ளது தெரியவருவதால் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல.' படித்துக் காட்டினேன். தங்கச்சி தாளை வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

"எங்க வீட்டு மாடியவா அண்ணே சொல்றாங்க?"

"ஆமாம்மா."

நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதைச் சிரிப்பில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

என் மகன் சிங்கப்பூருக்கு வந்து தங்கச் சொல்கிறான். என் பாஸ்போர்ட் என் பீரோவிலேயே இருக்கிறது. பிடித்துவைக்க ஒரு முதலாளிகூட எனக்கு இல்லை. ஆனாலும் போக முடியவில்லை. உலர்களத்துக்கு மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் சொல்லும் வசதி ஒரு தனியார் வீடு, உள்ளே ஒரு பெண்மணி குடியிருக்கிறார் என்பதை நிரூபிக்க வேண்டுமாம்.

கரண்ட் வந்ததும் சீர்காழித் தலைமையாசிரியர் பள்ளிக்கூட மாடியின் அளவைச் சொல்லத் தொடங்கினார். நான் விசைப்பலகையில் கை வைக்கவில்லை.

"அது இருக்கட்டும் சார். உங்க ஊர்ல நெல்லு எங்க காயுது?"